அம்பலும் அம்பலமும்

தமிழிலக்கியம் கற்பிப்போரிடம், மாணவர்க்கு எச்சொற்கள் கடினம் என்று கேட்டால், வழக்கொழிந்த சொற்களின் பட்டியல் ஒன்றைத்தான் பெரும்பாலும் தருவார்கள். ஞிமிறு, அளகு, ஞெகிழி என்று அது நீளும். வகுப்பறையில் நாம் கண்டுவருவது வேறு. ஞிமிறு என்னும் சொல்லைச் சந்திக்கும் மாணவர் அங்கேயே நின்றுவிடுகிறார். இது நமக்குத் தெரியாத சொல் என்பது அவருக்குத் தெரிகிறது. கேட்கிறார், வண்டு என்கிறோம், எழுதிக்கொள்கிறார். முடிந்தது. தொல்லை தருவது அவ்வகைச் சொல் அன்று. அடுத்த வீட்டுக்காரரின் முகத்தோடு வந்து நிற்கிற அயலூர்ச் சொல்தான். அதைக் கண்டு எவரும் நிற்பதில்லை; வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. அகத்திணைப் பாடல்களில் அம்பல், அலர் என்று இரு சொற்கள் அடிக்கடி வரும். தலைவனும் தலைவியும் களவில் சந்திப்பதை ஊரார் பேசுவது பற்றியவை. 'அம்பல் என்பது காதல் அம்பலமாதல். ஊரறிய வெளிப்படுதல்' என்று எழுதிய விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்தி வருகிறோம். எழுதுகிறவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அவர்கள்மீது நமக்குச் சினமும் இல்லை. 'மோசடி அம்பலம்', 'குட்டு அம்பலம்' என்று காலையில் செய்தித்தாளைப் பிரித்தவுடன் கண்ணில் படுகிற சொல்லாயிற்றே! அகராதியைப் புரட்டவேண்டிய தேவை அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

ஆனால் பொருள் தலைகீழாகிவிட்டது. அம்பல் என்பது மொட்டு. அலர் என்பது மலர்ந்த மலர். இறையனார் களவியலுக்கு எழுந்த பழைய உரை இந்த வேறுபாட்டை அழகாக விளக்குகிறது. இன்னானோடு இன்னாள் என்று வெளிப்படச் சொல்லாமல், ஏதோ இருக்கிறது என்று குறிப்பாக முகிழ்க்கும் நிலை அம்பல். பெயர் சொல்லி விளங்கப் பேசும் நிலை அலர். நற்றிணைப் பாடல் ஒன்றில் தெருப்பெண்கள் கடைக்கண்ணால் நோக்கி, மூக்கின் உச்சியில் சுட்டுவிரல் வைத்து அம்பல் தூற்றுகிறார்கள். அங்கே வாய்ச்சொல்லே தேவைப்படவில்லை. விரலும் விழியும் போதுமாயிருக்கின்றன. வெளிப்பட்ட பின் அது அம்பல் அன்று.

'சரி, ஒரு சொல்லுக்குப் பொருள் மாறியது. இரண்டு மதிப்பெண் போயிற்று, அவ்வளவுதானே' என்று வாசக அன்பர்கள் கருதலாம். அவ்வளவு மட்டும் அன்று. தோழி தலைவனை விரைந்து மணந்துகொள்ளும்படி வற்புறுத்துகிறாளே, அந்த வற்புறுத்தலின் உயிர் முழுவதும் மொட்டுக்கும் மலருக்கும் இடையே உள்ள அந்தச் சிறு கால இடைவெளியில்தான் இருக்கிறது. இன்னும் விரியவில்லை, ஆனால் விரியப்போகிறது. அம்பலை அம்பலமாக்கிவிட்டால் எல்லாம் முன்பே முடிந்துபோன கதை. தோழியின் பதற்றத்துக்குக் காரணமே இல்லாது போய்விடுகிறது. பாடலைப் படித்தவருக்குப் பாடல் கிடைக்காமல் போகிறது. போனது அவருக்குத் தெரிவதுமில்லை.

அம்பலம் என்னும் சொல்லுக்கு வருவோம். சிதம்பரத்தில் இருந்துகொண்டு இச்சொல்லைப் பற்றி எழுதாமல் வேறெங்கிருந்து எழுதுவது? இவ்வூர்க் கோயிலே அம்பலங்களின் தொகுதி. கூத்தப்பிரான் நிற்கும் இடம் சிற்றம்பலம். அதற்கு முன்னுள்ள கனகசபை பொன்னம்பலம். இவையன்றிப் பேரம்பலமும் உண்டு. இவற்றோடு நிருத்த சபை, ராச சபை என்னும் இரண்டையும் சேர்த்து ஐந்து என்பது இங்குள்ள வழக்கு. தமிழகம் முழுவதற்குமாக வேறோர் ஐந்தையும் எண்ணுவார்கள்: தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருவாலங்காட்டில் இரத்தினம், திருநெல்வேலியில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம். இவற்றில் 'அம்பலம்' என்று மக்கள் நாவில் நின்றது பொன்னுக்கும் வெள்ளிக்கும்தான். மற்ற மூன்றும் சபையாகவே வழங்குகின்றன.

திருமுறை ஓதுவோர் தொடக்கத்திலும் முடிவிலும் 'திருச்சிற்றம்பலம்' என்கிறார்கள். அங்கே அச்சொல் ஓரிடத்தைச் சுட்டுவதாகத் தோன்றவில்லை. வணக்கமாகவும், தொடங்குகிறோம் நிறைவு செய்கிறோம் என்னும் அறிவிப்பாகவும் நிற்கிறது. பொன்னம்பலம், சிற்றம்பலம், அம்பலவாணன் என்று ஆட்பெயராகவும் ஆயிற்று. யாழ்ப்பாணத்தாரிடையே இப்பெயர்கள் நம்மைவிடவும் மிகுதி. (இன்றைய மாணவரிடம் திருச்சிற்றம்பலம் என்று சொன்னால், 2022இல் வந்த திரைப்படமும், 'பழம்' என்று அழைக்கப்பட்ட அதன் கதைநாயகனும் நினைவுக்கு வருகிறார்கள். வரட்டும். ஒரு சொல் எப்படியாவது புழக்கத்தில் இருப்பது நல்லதே.)

ஊர்ப்பெயரைப் பற்றியும் ஒரு பழைய வழக்கு உண்டு. சித் என்னும் அறிவும் அம்பரம் என்னும் வெளியும் சேர்ந்து சிதம்பரம் ஆயிற்று என்பர் ஒரு சாரார். சிற்றம்பலமே சிதம்பரம் எனத் திரிந்தது என்பர் மறு சாரார். அம்பரம் என்பதற்கு வானம், ஆடை, கடல் என்று நிகண்டுகள் பல பொருள் தருகின்றன என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு மேலே செல்வோம். அந்த வழக்கைத் தொட்டால் கட்டுரை வேறு திசைக்குப் போய்விடும்.

தில்லையை விட்டு வெளியே புறப்பட்டால் இச்சொல் என்னென்ன வேடம் பூணுகிறது என்பதுதான் சுவையானது. மதுரையைத் தாண்டி மேலூர், சிவகங்கைப் பக்கம் போனால் அம்பலம் என்பது ஓர் ஆள். ஊர்த்தலைமை வகிப்பவர் அம்பலகாரர். மரியாதையாக 'அம்பலம்' என்றே சுருக்கியும் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து கேரளத்துக்குப் போனால் அம்பலம் என்பது கோயில். எந்தக் கோயிலும் அம்பலம்தான். அம்பலப்புழை என்று ஊர் இருக்கிறது. கோயிற்பணி செய்யும் சமூகத்தாருக்கு அம்பலவாசிகள் என்று பெயர். கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால், சிங்களத்தில் 'அம்பலம' என்பது வழிப்போக்கர் தங்கும் சாவடி. நான்கு தூணும் ஒரு கூரையுமாகச் சாலையோரத்தில் நிற்கும் பழைய அம்பலமக்களை அங்கே இன்றும் காணலாம். அம்பலாங்கொடை என்னும் ஊர்ப்பெயரிலும் அச்சொல்லின் ஒலி கேட்கிறது.

ஆடும் இடம், ஆளும் ஆள், தொழும் கோயில், தூங்கும் சாவடி, வெளிப்பட்ட குட்டு. இவற்றைப் பட்டியலிட்டு ஒன்று, இரண்டு, மூன்று என எண் போட்டுவிட்டால் அகராதிக்கு வேலை முடிந்தது. படிப்பவருக்கு முடியவில்லை. இவையெல்லாம் எப்படி ஒரு சொல்லாகும்?

விடைக்கு நம் பார்வை காவிரிப்பூம்பட்டினத்துக்குச் செல்கிறது. சிதம்பரத்திலிருந்து தெற்கே கொள்ளிடத்தைக் கடந்து, சீர்காழி வழியாகக் கடற்கரை நோக்கிப் போனால் வந்துவிடுகிற ஊர்தான். அந்நகரைப் பாடும் பட்டினப்பாலை பொதியில் ஒன்றைக் காட்டுகிறது. சிறைபிடித்து வரப்பட்ட மகளிர் நீர்த்துறையில் நீராடி வந்து, அந்தி நேரத்தில் அங்கே அணையா விளக்கை ஏற்றுகிறார்கள். மெழுகிய தரையில் மலர் இட்டிருக்கிறது. நடுவே கந்து என்னும் தெய்வத்தூண்; பலரும் வந்து தொழுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த புதியவர்கள் அங்கேயே தங்குகிறார்கள். பொதியில் என்பது பொது இல், எல்லார்க்குமான வீடு. இந்தப் பொதியிலை உரைகாரர் அம்பலம் என்றே விளக்குகிறார்.

ஒரே கூரையின் கீழ் எத்தனை நடக்கின்றன பாருங்கள்! தொழுகை நடக்கிறது. தூக்கமும் நடக்கிறது. ஊர் கூடும் இடமாதலின் வழக்கும் அங்கே பேசப்பட்டிருக்கும். வழக்கு பேசினால் மறைந்திருந்தவை வெளிப்பட்டுமிருக்கும். பிற்காலத்தில் ஒவ்வொரு நிலமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம். கேரளம் விளக்கையும் கந்தையும் எடுத்துக்கொண்டது. ஈழம் தங்குமிடத்தை எடுத்துக்கொண்டது. மேலூர்ப் பக்கம் தீர்ப்புச் சொல்பவரை எடுத்துக்கொண்டது. செய்தித்தாள்களுக்குக் கிடைத்தது குட்டு மட்டும்.

அந்தப் பொதியிலில் தங்கும் புதியவர்களுக்குப் பாட்டு வழங்கும் பெயர் 'வம்பலர்'. வம்பு என்னும் சொல்லுக்கு நிலையாமை என்று உரியியலில் பொருள் சொல்கிறார் தொல்காப்பியர். புதுமை என்ற பொருளிலும் பழம்பாடல்களில் வரும். பருவம் தவறிப் பெய்யும் மழை வம்பமாரி. இன்று ஒருவரை வம்பர் என்றால் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. புதிதாய் வந்தவன், நிலையாகத் தங்காதவன் என்பதெல்லாம் கடைசியில் 'வம்புக்காரன்' ஆகிவிட்டது. அயலாரைப் பற்றிய நம் எண்ணம் எந்த நூற்றாண்டில் எப்படி மாறியது என்பதை இந்த ஒரு சொல்லின் வழியே ஆராய்வதற்கு இளம் ஆய்வாளர் எவரேனும் முன்வர வேண்டும். 'சங்க இலக்கியத்தில் மலர்கள்' என்று இன்னோர் ஆய்வேடு வருவதைவிட அது பயனுடையது.

அம்பலத்துக்குத் திரும்புவோம். எல்லார்க்குமான இடத்தைக் குறித்த சொல், சிலர்க்கு மட்டுமான இடத்தின் பெயராவது எப்படி என்பதையும் பார்க்கவேண்டும். 1924இல் தொடங்கிய வைக்கம் போராட்டம் அம்பலத்துக்குள் நுழைவதற்காகக்கூட நடந்தது அன்று. அதைச் சுற்றியிருந்த தெருக்களில் நடப்பதற்காக நடந்தது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12இல்தான். அதுவரை அம்பலம் என்ற சொல் தன் பழைய பொருளுக்கு எதிர்ப்பொருளில் அங்கே வழங்கிவந்தது என்றே சொல்லவேண்டும். இதைக் கேட்டுவிட்டுத் தமிழ்நாட்டார் எவரும் பெருமூச்சு விடவேண்டாம். தில்லையைக் காணத் துடித்து, எல்லையில் நின்று, தீயில் புகுந்துதான் உள்ளே வரமுடிந்தது என்று சொல்லப்படும் நந்தனார் கதை நம்முடையது.

'பொது' என்னும் சொல்லும் இதே தெருவில்தான் குடியிருக்கிறது. தேவார ஆசிரியர்களிடத்தில் பொது என்பது தில்லை மன்றுக்கே ஒரு பெயர். கடலூர் மாவட்டத்தின் இன்னொரு முனையில், 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய வள்ளலார், மருதூரில் பிறந்தவர். தில்லையைப் பாடி வளர்ந்தவர். அவர் கையில் பொது என்பது சாதி சமய வேறுபாடு கடந்த நிலை என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. நம் காலத்திலோ பொது என்றால் அரசு சார்ந்தது, அல்லது எவருக்கும் உரிமையுள்ளது: பொதுப்பணித்துறை, பொதுச்சொத்து, பொதுவழி. தில்லைக் கோயிலில் பூசனை செய்வோர் தம்மைப் பொது தீட்சிதர் என்கிறார்கள். அங்கே பொது என்பது தமக்குள் கூட்டாக என்று பொருள்படுமா, பொதுவாகிய மன்றைச் சார்ந்தவர் என்று பொருள்படுமா? இரண்டுக்கும் இடமிருக்கிறது. அவர்களை எதிர்த்து வழக்காடியவர்களின் வாதமும் இது பொதுக்கோயில் என்பதே. ஒரே சொல்லை இரு தரப்பும் பற்றிக்கொண்டு இழுத்த விந்தையை வேறெங்கும் நாம் கண்டதில்லை.

2008 மார்ச்சில், அரசாணைக்குப் பிறகு, சிவனடியார் ஆறுமுகசாமி திருச்சிற்றம்பல மேடையேறித் தேவாரம் பாடினார். 2014 சனவரியில் கோயில் நிர்வாகம் பொது தீட்சிதர்களிடமே இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 மே மாதத்தில் பக்தர்கள் கனகசபையில் ஏறி வழிபடலாம் என்று அரசாணை வந்தது. அதன்மேலும் வழக்குகள் எழுந்தன. எவர் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரைக்குப் பொருள் அன்று. தீர்ப்புகள் சொல்லாராய்ச்சியால் அமைந்தவையும் அல்ல. ஆயினும் இவ்வூரில் தமிழ் கற்பிக்கிற நமக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இத்தனை ஆண்டு வாதப் பிரதிவாதங்களிலும் அம்பலம், பொது, மன்று என்னும் மூன்று சொற்களும் முன்பு எதைக் குறித்தன என்று கேட்டவர்கள் மிகச்சிலரே. சொற்களைப் பற்றி ஒரு கூட்டமேனும் தமிழாசிரியர்கள் கூட்டியிருக்கலாம். கூட்டவில்லை.

தமிழ் மரபு இவ்விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தது. 'கடி' என்னும் உரிச்சொல்லுக்குக் காப்பு, கூர்மை, மணம், விளக்கம், அச்சம் என்று தொடங்கிப் பதின்மூன்று பொருள் சொல்கிறது நன்னூல். தொல்காப்பியரும் பலபொருள் சொல்கிறார். பதின்மூன்றையும் மனப்பாடம் செய்வதற்காக அந்நூற்பா எழுதப்பட்டிருக்கும் என்று நாம் நம்பவில்லை. இச்சொல்லைத் தனியே பார்த்தால் ஒன்றும் கிடைக்காது, பக்கத்தில் இருப்பதைப் பார் என்கிறது அது. கடிநகர் என்றால் காவலுடைய நகர். கடிமலர் என்றால் மணமுள்ள மலர். கடிமரம் என்றால் அரசன் தன் குலக்குறியாகக் காத்துவந்த மரம். பகைவர் வந்தால் முதலில் அதைத்தான் வெட்டுவார்கள். நம் வினாத்தாள்களோ, 'கடி - பொருள் தருக' என்று ஒற்றை வரியில் கேட்கின்றன. விடைக்குறிப்பில் ஒரே ஒரு பொருள் இருக்கும். 'கடிக்கப்பட்ட மரம்' என்று எழுதும் மாணவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால், அப்படி வினா எழுதியவர்களைப் பற்றியும் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

அகராதிகளைக் குறைசொல்வது நம் நோக்கம் அன்று. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு இன்றும் நம் மேசையில்தான் இருக்கிறது. 1992இல் வந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒவ்வொரு பொருளுக்கும் வாக்கியம் ஒன்றைத் தந்து, சொல் வாழும் இடத்தையும் சேர்த்துக் காட்டியது. குறை, அருஞ்சொற்பொருள் என்னும் பெயரில் பாடத்தின் அடியில் இடம்பெறும் இரண்டு பத்திப் பட்டியலில்தான் இருக்கிறது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டைப் பார்க்கிறவர்கள், சொல்லும் பொருளும் சமக்குறியின் இரு பக்கங்கள் என்று நம்பிவிடுகிறார்கள். இப்போது கைப்பேசி வேறு வந்துவிட்டது. தேடினால் முதலில் வந்து விழும் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது அருஞ்சொல் எதுவும் அவரைத் தடுத்ததாகச் சொல்லமுடியாது. அவர் கல்வி அப்படிப்பட்டது. தடுத்தவை சமணரின் சொற்கள். பார்த்தால் தெரிந்தவை போல இருக்கும். சமண நூலுக்குள் வேறு பொருள் தரும். அதற்காகக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமண அன்பர்களின் வீடுகளுக்கு நடந்தார், கேட்டார், அவர்கள் எப்படி வழங்குகிறார்கள் என்று அறிந்தார். நூல் 1887இல் வெளிவந்தது. அதே ஐயர்தான் பின்னாளில், 1924 முதல் 1927 வரை, இதே சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். நம் பாடத்திட்டம் அவர் பெயரைச் சொல்கிறது. அவர் நடந்த நடையைச் சொல்வதில்லை.

நாம் சென்ற ஆண்டு முதல் ஒரு சிறு முயற்சி செய்து வருகிறோம். அருஞ்சொற்பட்டியலுக்குப் பதிலாக, ஒரே சொல் வரும் மூன்று நான்கு இடங்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பொருளை மாணவர்களிடமே விட்டுவிடுகிறோம். மெதுவாகத்தான் நகர்கிறது. பாடத்திட்டத்தில் ஓர் அலகு பின்தங்கியும் போயிற்று. அண்மையில் எழுதியது, 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்னும் பழமொழி. ஏழையின் ரகசியம் வெளியே வராது என்று பொருள் சொன்னார் ஒருவர். ஏழை பாடினால் கோயிலில் ஏற்கமாட்டார்கள் என்றார், ஊர்க்காரரான இன்னொருவர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி எழுந்தார். "எங்க ஊர்ல அம்பலம்னா ஆள் ஐயா. அவர்கிட்ட எங்க ஆத்தா சொன்னது ஏறலை. அதுக்கப்புறம்தான் நாங்க கோர்ட்டுக்குப் போனோம்" என்றார். பிறகு நெடுநேரம் வகுப்பு அந்த வழக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.